தேடிப்போன புத்தகத்துக்குப் பக்கத்துப் புத்தகம்

கேள்வி: கதை, கட்டுரை என்று பல துறைகளிலும் நல்ல புத்தகங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதே பத்து இருபது பெயர்கள்தான் வருகின்றன.

பட்டியல் போடுகிறவர் இன்னொரு பட்டியலைப் பார்த்துத்தான் போடுகிறார், அதனால் அப்படித்தான் வரும். நானும் கொஞ்ச காலம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகக் காட்சிக்குப் போனவன்தான். ஒரு வருடம் ஒன்பது புத்தகம் வாங்கினேன். அதில் ஆறு இன்றும் கண்ணாடித்தாள் உறை பிரிக்காமல் பீரோ மேல் இருக்கின்றன. அவை மோசமான புத்தகங்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அவற்றிடம் கேட்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

நான் மருந்துக் கம்பெனி ரெப். விருதுநகர், கோவில்பட்டி, தூத்துக்குடி என் லைன். டாக்டர்களைக் காலை ஓ.பி. முடியும் நேரத்தில் பார்க்கலாம். விட்டால் மாலை ஆறு மணிக்கு மேல்தான். நடுவில் நாலைந்து மணி நேரம் பையைத் தூக்கிக்கொண்டு எங்காவது உட்கார வேண்டும். கூட வேலை பார்ப்பவர்கள் லாட்ஜில் தூங்குவார்கள், அல்லது டீக்கடையில் டார்கெட்டைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். ஃபேன் உண்டு, தண்ணீர் உண்டு, யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். கிளை நூலகங்கள் பலவற்றை மதியம் பூட்டிவிடுவார்கள் என்பதால் மாவட்ட மைய நூலகம்தான் சரிப்படும். வெள்ளிக்கிழமையை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியதும் உண்டு.

ஒரு நாள் டாக்டர் ஒருவர் பாம்புக்கடி பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. அந்த நான்கிலும் சேராத மலைப்பகுதிக் குழிவிரியன் கடித்தால் அது கேட்குமா என்றார். நான் திருதிருவென்று முழித்தேன். (கேட்காது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.) அன்று மதியம் நூலகத்தில் போய்ப் பாம்புக்கடி பற்றிய புத்தகம் கேட்டேன். இருந்த ஒன்றும் வெளியே போயிருந்தது. சரி என்று திரும்பினேன். மேசையில் இருந்த மேடம் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"தம்பி, புத்தகம் இல்லைன்னதும் போயிராதீங்க. அது இருக்க வேண்டிய இடத்துல போய்ச் சும்மா நில்லுங்க."

போய் நின்றேன். அலமாரியில் ஒரு விரற்கடை இடைவெளி, புத்தகம் போன இடம். அதற்கு இடப்பக்கம் விஷங்களைப் பற்றி ஒன்று. வலப்பக்கம் பழைய காய்ச்சல்களைப் பற்றி ஒன்று, அட்டை போய்க் காக்கித்தாள் போட்டு ஒட்டியது. காக்கித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் கொசுவின் வயிற்றை அறுத்து மலேரியாக் கிருமியைக் கண்ட கதை அதில்தான் முதலில் படித்தேன். மலேரியா மாத்திரை விற்றவன் நான். அந்தக் காய்ச்சலுக்கு இப்படி ஒரு கதை இருக்கும் என்று அதுவரை நினைத்ததில்லை.

மேடம் சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆள் இருக்கிறார் என்பது பல வருடம் கழித்துத் தெரிந்தது. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் அவர் சொன்ன நூலகத்தின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது அதையே புரட்டிப் போட்டது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான். புத்தகம் நமக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு கணக்கு வாத்தியார் சொல்கிறார்!

அலமாரி எப்படி அடுக்கப்பட வேண்டும் என்பதற்கும் அவரிடம் ஒரு படம் உண்டு. கிரகணத்தில் முழுநிழல், அரைநிழல் என்று பள்ளியில் படித்தோமே, அதே கணக்கு. நீங்கள் தேடி வந்த பொருள் நடுவில், முழுநிழல். இரண்டு பக்கமும் அதோடு கொஞ்சம் உறவுள்ளவை, அரைநிழல். அதற்கும் அப்பால் சம்பந்தமே இல்லாதவை. நான் புத்தகம் கண்டுபிடிப்பது முழுக்க அந்த அரைநிழலில்தான். தேடி வந்த புத்தகம் என்னை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி மாதிரி. அது இல்லாமல் போனாலும் இப்போதெல்லாம் பெரிதாக வருத்தம் இல்லை. எந்த வரிசையில் தேடுவது என்று நூலக எண் தெரியாவிட்டால் பரவாயில்லை. உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அந்த வரிசைக்குப் போனால் போதும்.

எல்லா நூலகத்திலும் அடுக்கு ஒழுங்காக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். தேனீ வளர்ப்புக் கையேடு ஒன்றைக் கவிதை அலமாரியில் பார்த்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்து யாரோ ஆசையாக வைத்திருக்க வேண்டும்.

இந்த வித்தை நாவலுக்குப் பலிக்காது. கட்டுரை நூல்கள் பொருள்வாரியாக நிற்கின்றன. கதைகள் எழுதியவர் வாரியாக நிற்கின்றன. உப்பைப் பற்றிய நாவலும் தேயிலையைப் பற்றிய நாவலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எழுதியவர் பெயரின் முதல் எழுத்து ஒன்றாக இருந்தால். அதனால் நாவலுக்கு நான் வேறு வழி வைத்திருக்கிறேன். கட்டுரை நூலிலிருந்து ஒரு ஊரையோ தொழிலையோ எடுத்துக்கொண்டு போய், "இதப் பத்தி நாவல் ஏதும் இருக்கா மேடம்?" என்று கேட்பது. "நல்ல நாவல் இருக்கா?" என்று கேட்டால் எல்லோருக்கும் கொடுக்கும் அதே நாலு புத்தகத்தைத்தான் கொடுப்பார்கள்.

காக்கித்தாள் புத்தகத்தில் மலைத்தோட்டத் தொழிலாளர்கள் காய்ச்சலில் சாவது பற்றி நாலு வரி இருந்தது. அதை வைத்துக் கேட்டபோது மேடம் மொழிபெயர்ப்பு நாவல் அலமாரியைக் காட்டினார். கிடைத்தது 'எரியும் பனிக்காடு'. தோட்ட மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வந்தது, தமிழில் இரா. முருகவேள். பஞ்சம் பிழைக்க வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிற மக்களின் கதை. மருத்துவர் எழுதிய நாவல் என்பதால் எனக்கு அது வேறு மாதிரி இறங்கியது. அன்று மாலை இரண்டு டாக்டர்களைப் பார்க்காமல் விட்டேன். ரிப்போர்ட்டில் என்ன எழுதினேன் என்பது இங்கே வேண்டாம்.

அடுத்த வழி அடிக்குறிப்பு. இதற்கு ஆங்கில எழுத்தாளர் ராய் மாக்ஸமை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. லண்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் இந்தியாவைப் பற்றிய பழைய நூல் ஒன்றை வாங்குகிறார். அதில் ஓர் அடிக்குறிப்பு: உப்புக் கடத்தலைத் தடுக்க வெள்ளையர் ஆட்சி இந்தியாவின் குறுக்கே வளர்த்த முள்செடி வேலி. அந்த வேலி ஓடிய சுங்கக் காவல் கோடு மொத்தம் இரண்டாயிரம் மைலுக்கு மேல், 1879-ல் கைவிடப்பட்டது. இப்படி ஒன்று இருந்ததா என்று தேடி இந்தியாவுக்குப் பல முறை வந்து அலைந்து எழுதிய புத்தகம், தமிழில் சிறில் அலெக்ஸ் மொழிபெயர்ப்பில் 'உப்பு வேலி'. ஓர் அடிக்குறிப்பிலிருந்து ஒரு முழுப் புத்தகம்! அதைப் படித்த பிறகு நான் புத்தகத்தைப் பின்னாலிருந்துதான் புரட்டுகிறேன். கடைசிப் பக்கங்களில் இருக்கும் நூற்பட்டியலில் நமக்குப் புரியாத தலைப்பாக ஒன்றைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் அடுத்த மாதத்துக்கு வேலை ஆயிற்று.

உப்பு வந்ததும் என் லைன் தூத்துக்குடி ஆயிற்றே, விட முடியுமா? பஸ் ஜன்னலில் வெள்ளை வெள்ளையாய்க் குவித்து வைத்திருப்பதைப் பல வருடம் பார்த்துக்கொண்டே போனவன். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' அந்த அளத்துத் தொழிலாளர்களைப் பற்றியதுதான். அவர் களத்துக்கே போய்த் தங்கி, பேசி, பார்த்து எழுதியவர். ஒருவரைப் பிடித்தால் பல உலகம் கிடைக்கும்: நீலகிரிப் படகர்களுக்கு 'குறிஞ்சித்தேன்', மீனவர்களுக்கு 'அலைவாய்க்கரையில்'. புனைவு அலமாரியில் பொருள்வாரி அடுக்கு இல்லாத குறையை இப்படிப்பட்ட எழுத்தாளர் ஒருவரே தீர்த்துவைப்பார்.

இணையத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பழைய தமிழ் நூல்களை 1998-லிருந்து இணையத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' தளம், மூன்றும் இலவசம். ஆனால் தேடும்போது இன்றைய சொல்லைப் போட்டால் பழைய புத்தகம் சிக்காது. இயற்பியல் என்று போடாதீர்கள், பௌதிகம் என்று போடுங்கள். புவியியலுக்குப் பூகோளம், வேதியியலுக்கு ரசாயனம். நான் காசநோய் என்று தேடிப் பார்த்துச் சலித்து, க்ஷயரோகம் என்று போட்ட அன்றுதான் என் தாத்தா காலத்துப் புத்தகங்கள் வரிசையாக வந்தன. எழுத்துக் கூட்டலையும் இரண்டு மூன்று விதமாக மாற்றிப் போட வேண்டும், அந்தக் காலத்து அச்சுக்கோப்பவர் மனம் போல.

பழைய புத்தகக் கடைக்கு இந்த விதி எதுவும் கிடையாது. அங்கே எல்லாமே குவியல். கடைக்காரர் முகம் சுளிக்கும் வரை கிளற வேண்டியதுதான்.

எடுத்த புத்தகம் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். என் கணக்கில் மூன்றுக்கு ஒன்று தேறும். மற்ற இரண்டை இருபது பக்கத்தில் மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். காசு கொடுத்து வாங்கியிருந்தால் அந்தத் துணிச்சல் வராது. பீரோ மேல் இருக்கும் ஆறும் அதற்குச் சாட்சி.

இப்போது கையில் இருப்பது கிணறு வெட்டுவது பற்றிய ஒரு பழைய சின்னப் புத்தகம். வாழைச் சாகுபடி பற்றித் தேடிப் போய் மாட்டியது. பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் எனக்கு முன் கடைசி முத்திரை 2011. கெடு முந்தாநாளோடு முடிந்துவிட்டது. திங்கள்கிழமை அபராதம் கட்டி மறுபடி என் பெயரிலேயே எடுக்க வேண்டும். கிணறு வெட்டுகிறவர்களைப் பற்றித் தமிழில் நாவல் ஏதும் தெரிந்தால் கீழே சொல்லுங்கள். மேடத்திடம் கேட்டுவிட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.