மூன்று வருஷ வரிப் பாரம் பாக்கியா? முதல் வருஷத்திலிருந்து தொடங்குங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இது: 2022 ஆகஸ்ட் 1 முதல் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை மில்லில் வேலை, மாதம் 6,000 வெள்ளி (ரிங்கிட்), குடியிருப்பது தோட்டத்து வீடு. மாதாமாதம் பிசிபி, அதாவது சம்பளத்திலேயே வரிப் பிடித்தம், பிடிக்கிறார்கள். ஆனால் 2022, 2023, 2024 மூன்று வருஷத்துக்கும் வருமான வரிப் பாரம் (வருமானத்தை அறிவிக்கும் படிவம்) அனுப்பவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது விமான நிலையத்தில் தடுப்பார்களா?

பயணத்தடை வருவது வரி பாக்கி கட்டாமல் கிடந்தால். வருமான வரிச் சட்டத்தின் 104-ஆவது பிரிவு அதற்குத்தான். உங்கள் பெயரில் பாக்கி ஏதும் எழுதியிருக்கிறார்களா என்று வருமான வரி வாரியத்தின் ஈப்போ கிளைக் கவுண்டரில் முதலில் கேட்டுவிடுங்கள். பாரம் அனுப்பாதது தனிக் குற்றம்: 112-ஆவது பிரிவின்படி 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வழக்குப் போடாமல் விட்டாலும் அந்த வருஷத்து வரியில் மூன்று மடங்கு வரை தண்டம் போட வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் அவர்கள் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

"பிசிபி பிடித்தாச்சு, பாரம் வேண்டாம்" என்று ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) சொல்லியிருப்பார். அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் அந்த வருஷம் 12 மாதமும் ஒரே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும், பிடித்தமும் சரியாக நடந்திருக்க வேண்டும். 2022-இல் உங்களுக்கு ஐந்து மாதம்தான், அது பொருந்தாது. மற்ற இரண்டு வருஷத்துக்கும் அதை நம்பி உட்காராதீர்கள். காரணம் தோட்டத்து வீடு, கீழே சொல்கிறேன்.

முதல் வருஷத்தைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், பணம் அங்கேதான் கிடக்கிறது. ஒரு வருஷத்தில் 182 நாள் இங்கே இருந்தால் வரிக்கு நீங்கள் வசிப்பவர். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 153 நாள்தான். அதனால் பல கம்பெனிகள் புதிதாக வந்தவருக்கு வசிக்காதவர் விகிதமான 30 விழுக்காட்டைப் பிடித்துவிடும். உங்கள் கணக்கில் 30,000-க்கு 9,000 வெள்ளி. ஆனால் அந்த 153 நாள், 2023-இல் தொடர்ச்சியாக 182 நாள் இருந்ததோடு இணைந்தால் 2022-க்கும் நீங்கள் வசிப்பவரே. இடையில் சொந்தக்காரர்களைப் பார்க்க ஊருக்குப் போனது மொத்தம் 14 நாளுக்குள் இருந்தால் தொடர்ச்சி அறாது. பொங்கலுக்குப் பத்து நாள் போனால் பரவாயில்லை, மூன்று வாரம் போயிருந்தால் சிக்கல். கடப்பிதழ் முத்திரைகளை வைத்து ஒவ்வொரு நாளையும் எண்ணுங்கள்.

இப்படி இரண்டு வருஷமும் இணைந்தால், வீட்டைச் சேர்க்காமல் கணக்கு இது: 30,000-இல் சுயக் கழிவு 9,000 போக 21,000. முதல் 5,000-க்கு வரியில்லை, அடுத்த 15,000-க்கு 1 விழுக்காடு 150 வெள்ளி, மிச்சம் 1,000-க்கு 3 விழுக்காடு 30 வெள்ளி. ஆக 180. வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருப்பதால் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு, ஆகவே வரி பூஜ்யம். பிடித்த 9,000-ஐத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வசிப்பவர் என்பதால் பிஇ பாரம்தான் நிரப்ப வேண்டும். தவறி வசிக்காதவருக்கான 'எம்' (M) பாரத்தைப் போட்டால் சுயக் கழிவும் போகும், 30 விழுக்காடும் அப்படியே நிற்கும்.

இப்போது வீடு. தோட்டத்துக்குள் கம்பெனி கொடுத்த வீட்டின் மதிப்பு, சம்பளத்தில் 3 விழுக்காடு என்று வருமானத்தில் சேரும். 72,000 சம்பளத்துக்கு 2,160. டவுனில் வாடகைக்கு எடுத்துக் கொடுத்த வீடாக இருந்தால் கணக்கே வேறு: வீட்டின் வாடகை மதிப்பு அல்லது சம்பளத்தில் 30 விழுக்காடு, எது குறைவோ அது. முதலாளி தரும் வருஷச் சம்பள அறிக்கையான இஏ பாரத்தில் 'நிலாய் தெம்பாட் கெடியாமான்' (குடியிருப்பின் மதிப்பு) என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காலியாக இருந்தால் பிசிபி குறைவாகப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். 30 விழுக்காடு எழுதியிருந்தால் தோட்டத்து வீடு என்று சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.

மில் ஆபீஸில் மூன்று வருஷ இஏ பாரம் கேளுங்கள். பிப்ரவரி முடிவதற்குள் தர வேண்டியது முதலாளியின் கடமை. கூடவே பிசிபி 2(II) அறிக்கையும் கேளுங்கள். மாதம், தொகை, ரசீது எண் எல்லாம் அதில் இருக்கும். வாரியத்தின் மைடேக்ஸ் அகப்பக்கத்தில் உங்கள் லெட்ஜரைத் திறந்து மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். கடப்பிதழ் புதுப்பித்தவர்களுக்கு வழக்கமாக வரும் கோளாறு, பழைய எண்ணில் போன பிடித்தம் லெட்ஜரில் ஏறாமல் நிற்பது. அப்படி இருந்தால் பழையது, புதியது இரண்டையும் கவுண்டருக்குக் கொண்டுபோங்கள். வரி எண் ஐஜி என்று தொடங்கும். கம்பெனி ஏற்கெனவே பதிந்திருக்கலாம், இரண்டாவது எண் எடுத்துவிடாதீர்கள்.

பழைய வருஷத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் அந்தந்த வருஷப் பாரத்தில் நிரப்புங்கள். கழிவும் விகிதமும் மாறியிருக்கும்: வரிக்குரிய வருமானத்தில் 50,000-க்கு மேல் 70,000 வரை 2022-இல் 13 விழுக்காடு, 2023-இலிருந்து 11. ஊருக்கு அனுப்பிய பணத்துக்குக் கழிவு கிடையாது. இன்டர்நெட் பில், புத்தகம் போன்றவற்றுக்கு 2,500 வரை உண்டு, உங்கள் பெயரில் ரசீது இருந்தால் மட்டும் போடுங்கள். ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டிய காகிதம் அது. பணம் திரும்ப வர இங்கத்து வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

கட்ட வேண்டியது வந்தால் உரிய வருஷத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டுங்கள். தாமதத்துக்கு 10 விழுக்காடு ஏறும். மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேட்டு கிளைக்கு எழுதிக் கொடுக்கலாம். வாரியமே உத்தேசமாகக் கணக்குப் போட்டு நோட்டீஸ் அனுப்பியிருந்தால், பாரத்தை மட்டும் அனுப்பினால் அது தானாக ரத்தாகாது. 30 நாளுக்குள் 'கியூ' (Q) பாரத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும், நாள் தாண்டியிருந்தால் 'என்' (N) பாரத்தில் அவகாசம் கேட்க வேண்டும்.

வேலையை விட்டு ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நீங்கள் போவதை முதலாளி சிபி21 பாரத்தில் 30 நாள் முன்பே தெரிவித்து, உங்களுக்குத் தர வேண்டிய பணத்தையும் பிடித்து வைப்பார். வழக்கமாக வரித் தீர்வுக் கடிதம் வந்த பிறகே அது கைக்கு வரும். மூன்று வருஷப் பாரம் பாக்கி என்றால் அந்தக் கடிதம் அங்கேயே நின்றுவிடும்.