டீச்சரிடம் கேளுங்கள்: புத்தகத்தை மூடிவிட்டுப் படி!

அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததுமே கடிதங்கள் குவியத் தொடங்கிவிட்டன. முக்கால்வாசி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணக்குக்கு ஆள் போடாத வருடங்களில் அதையும் எடுத்திருக்கிறேன். என் பதில்களும் அந்த அளவுக்குத்தான்.

கேள்வி: ஒவ்வொரு பாடத்தையும் மூன்று தடவை படித்துவிட்டேன் டீச்சர். வீட்டில் புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. ஹாலில் உட்கார்ந்தால் மறந்துபோகிறது. ஞாபக சக்திக்கு என்ன சாப்பிடலாம்?
– பத்தாம் வகுப்பு மாணவி, ஆரணி

வல்லாரைத் துவையல் சாப்பிடு, சோற்றுக்கு நன்றாக இருக்கும். மார்க்கை அதன் தலையில் கட்டாதே.

பார்த்தால் தெரிகிறது என்கிறாய். பார்த்தால் யாருக்குத்தான் தெரியாது? நாலாவது தடவை அதே பக்கத்தைப் புரட்டும்போது வரியெல்லாம் பழகின முகம் மாதிரி இருக்கும். அதை 'வந்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறாய்.

இன்றைக்கு ராத்திரி இதைச் செய்து பார். ஒளியியல் பாடத்தில் பார்வைக் குறைபாடுகள் வருகிறதல்லவா, அதை ஒரே தடவை நிதானமாகப் படி. புத்தகத்தை மூடி அடுத்த ரூமில் வைத்துவிட்டு வா. ரஃப் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் கிட்டப்பார்வை, அந்தப் பக்கம் தூரப்பார்வை என்று எழுது. யாருக்கு எது தெரியாது, விழிக்கோளம் நீண்டிருக்கிறதா குறுகியிருக்கிறதா, பிம்பம் விழித்திரைக்கு முன்னாலா பின்னாலா என்று படத்தோடு எழுதிக்கொண்டே போ. லென்சுக்கு வந்ததும் பேனா நிற்கும். குழியா, குவியா? நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அங்கேதான் நிற்கும்.

உடனே ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறக்காதே. கொஞ்சம் யோசி. கிட்டப்பார்வையில் கதிர்கள் விழித்திரைக்கு வருவதற்குள்ளேயே குவிந்துவிடுகின்றன. அப்படியானால் முதலில் அவற்றைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். விரிப்பது எது? குழிலென்சு. இப்படி முட்டி மோதி எடுத்த விடை அவ்வளவு சுலபத்தில் போகாது. தப்பாகவே எழுதினாலும் பரவாயில்லை, பிறகு புத்தகத்தை எடுத்துச் சிவப்பு மையில் திருத்து. அடுத்த முறை அந்தப் பாடத்தில் நீ படிக்க வேண்டியது சிவப்பாக இருப்பதை மட்டும்தான்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொடுத்த பத்தியை ஒரு கூட்டம் நாலு சுற்றும் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 61-இல் நின்றார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 'ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டதற்கு, படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னார்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை எழுதுவது என்று அடுத்துக் கேட்பாய். இன்று எழுதியதை நாளை மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் விட்டு ஒரு முறை, பொதுத்தேர்வுக்கு முன்னால் இன்னொரு முறை. கொஞ்சம் மறந்த பிறகு எழுதினால்தான் பலன். ஒரே ஞாயிற்றுக்கிழமை ஐந்து தடவை எழுதினால் கைதான் வலிக்கும்.

கேள்வி: என் மகள் மூன்று கலர் ஹைலைட்டர் வைத்துப் புத்தகம் முழுக்கக் கோடு போடுகிறாள். மூன்று கம்பெனி கைடும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போதுமா?
– ஒரு தந்தை, கோவில்பட்டி

அதிகம். எல்லா வரியிலும் மஞ்சள் அடித்தால் எந்த வரி முக்கியம்? ஒரு கைடு இருக்கட்டும், மற்ற இரண்டையும் இல்லாத பிள்ளைக்குக் கொடுங்கள். புக் பேக் கேள்விகளும் பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்களும்தான் முதல் வேலை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தை உங்கள் கையில் வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் வாசியுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அவள் சொல்வது புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை பார்த்த உத்தியோகம். பிரம்பு மட்டும் வேண்டாம்.

கேள்வி: பையன் கணக்கில் எல்லாப் பயிற்சியையும் போட்டு முடித்துவிட்டான். வீட்டில் ஒரு கணக்கும் தப்பாவதில்லை. முதல் திருப்புதல் தேர்வில் 48 மார்க். டியூஷனை மாற்றலாமா?
– ஒரு தாய், பட்டுக்கோட்டை

டியூஷனை மாற்றாதீர்கள் அம்மா, கணக்கு போடுகிற வரிசையை மாற்றச் சொல்லுங்கள்.

கூட்டுத் தொடர்வரிசை என்று தலைப்புப் போட்ட பயிற்சியில் வருகிற கணக்கெல்லாம் கூட்டுத் தொடர்வரிசைதான். எந்தச் சூத்திரம் என்று பையன் யோசிக்கவே வேண்டாம், தலைப்பே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. பரீட்சைத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. இது கூட்டுத் தொடரா, பெருக்குத் தொடரா? கூம்பா, இடைக்கண்டமா? அதைக் கண்டுபிடிப்பதிலேயே பாதிக் கணக்கு இருக்கிறது. அந்தப் பாதியை அவன் வீட்டில் ஒரு நாள்கூடப் போட்டுப் பார்த்ததில்லை.

பழைய நாட்காட்டித் தாளைத் துண்டு துண்டாகக் கிழியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணக்கை எழுதச் சொல்லுங்கள். பின்பக்கம் புத்தகப் பக்க எண் மட்டும் இருக்கட்டும், பாடத்தின் பெயர் வேண்டாம். எட்டு பாடமும் கலந்து ஒரு காலி டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். தினமும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து துண்டு எடுத்துப் போடட்டும். தப்பானது திரும்ப டப்பாவுக்குள் போகட்டும்.

முதல் பத்து நாள் நிறைய தப்பு வரும். 'டீச்சர் சொன்னதைக் கேட்டதில் இருந்ததும் போச்சு' என்பீர்கள். பொறுங்கள். 2007-இல் ரோரர், டெய்லர் என்ற இரண்டு பேர் கன அளவுக் கணக்குகளை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த பரீட்சையில் பிரித்துப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63! உங்கள் பையனின் 48 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

கேள்வி: பேத்தியை ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் படிக்க வைத்து, காலை நாலு மணிக்கு எழுப்புகிறார்கள். எது நல்ல நேரம்?
– ஒரு பாட்டி, துறையூர்

இரண்டில் ஏதாவது ஒன்று. இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு நாலு மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சும். படித்தது மனதில் படிவதற்கே தூக்கம் வேண்டும் பாட்டி. நாலு மணிக்கு எழுப்புவதானால் ஒன்பது மணிக்குப் படுக்க வையுங்கள், வீட்டில் டிவியும் ஒன்பதுக்கே நிற்கட்டும். சீரியலை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனசு வருமா என்பது தனிக் கேள்வி.

கேள்வி: எங்கள் மகன் பாஸ் ஆனாலே போதும். என்ன படிக்கச் சொல்வது?
– பெயர் வேண்டாம், கள்ளக்குறிச்சி

அவன் எதிரில் இப்படிச் சொல்லாதீர்கள், அதை அப்படியே பிடித்துக்கொள்வான். வழி இருக்கிறது. கணக்கில் வடிவியல் படம் வரைவதும் வரைபடமும் சேர்ந்து 16 மார்க். இரண்டும் மூளையைவிடக் கைப்பழக்கம். அளவுகோல், காம்பஸ், கூரான பென்சில் வாங்கிக் கொடுத்து ஒரு நாளைக்கு ஒரு படம் போடச் சொல்லுங்கள். ஒரு மார்க் கேள்வி 14 இருக்கிறது. இரண்டு மார்க்கில் தெரிந்ததாக ஐந்தாறு எழுதினாலும் கரை ஏறிவிடுவான். அறிவியலில் செய்முறைக்கு 25 போக எழுத்துத் தேர்வு 75-க்கு, அதில் 20 எடுக்க வேண்டும். படம் வரைந்து பாகம் குறிக்கிற கேள்விகளிலிருந்து தொடங்கட்டும். எல்லாப் பாடத்தையும் அவன் தலையில் கொட்டினால் ஒன்றும் ஒட்டாது. இருக்கிற வாரங்களுக்குப் பாதிப் பாடம், ஆனால் அந்தப் பாதியைப் பார்க்காமல் எழுத வேண்டும்.

கேள்வி: திருக்குறள் முழுசாகத் தெரியும். 'இந்தச் சொல்லில் முடியும் குறள்' என்று கேட்டால் வரமாட்டேன் என்கிறது.
– மாணவன், சின்னமனூர்

முதல் சொல்லிலிருந்தே சொல்லிப் பழகியிருக்கிறாய், அதனால் முதல் சொல் கிடைக்காவிட்டால் குறளும் கிடைக்கவில்லை. கடைசிச் சொற்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, அதைப் பார்த்துக் குறளைச் சொல்லிப் பழகு தம்பி. சொன்னால் மட்டும் போதாது, எழுது. சீர் பிரிப்பிலும் எழுத்துப் பிழையிலும்தான் மார்க் போகிறது.

கேள்வி: ஹாலில் முதல் பதினைந்து நிமிடம் என்ன செய்வதென்றே தெரிவதில்லை, பயம்தான் ஏறுகிறது.
– மாணவி, திண்டிவனம்

வினாத்தாள் படிக்கப் 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் விடைகளை யோசிக்காதே, எந்தெந்தக் கேள்வியை எழுதப் போகிறாய் என்று மட்டும் முடிவு செய். கணக்குத் தாளில் 28-ம் 42-ம் கட்டாய வினாக்கள், அவற்றை முதலில் பார். நிறையத் தெரிந்த கேள்வியிலிருந்து எழுதத் தொடங்கினால் கை நடுக்கம் தானாக நிற்கும். வினா எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதே.