அரசின் அதிகாரத்தைச் சுருக்கினால் கட்சிப் பகை குறையுமா?

கேள்வி: "அரசு செய்கிற வேலைகளைக் குறைத்துவிட்டால் கட்சிப் பகை தானாக அடங்கும் என்கிறார்களே, செட்டிநாட்டு ஊர்களுக்கு இது பொருந்துமா?"

பாதிதான் பொருந்தும். ஜெயித்தவர் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பகையும். வீட்டுத் திட்டத்தில் யார் பெயர், கண்மாய் மராமத்து யாருக்கு, எந்தத் தெருவுக்குச் சிமெண்டு ரோடு என்பதெல்லாம் ஒருவர் வாய்ச்சொல்லில் முடிவானால், தோற்ற பக்கத்துக்கு ஐந்து வருஷமும் ஒன்றும் வராது. அப்புறம் எப்படி முகம் கொடுத்துப் பேசுவார்கள்?

இந்த வாதத்துக்குத் துணையாக, அமெரிக்க அரசியல் சட்டத்தை வடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசனை இழுப்பார்கள். 1787-ல் அவர் சொன்னது வேறு. கோஷ்டி சேர்வது மனித சுபாவம், காரணத்தை அறுக்க முடியாது, விளைவைத்தான் கட்டுப்படுத்தலாம் என்றார். அதற்கு அவர் கேட்டது, எந்தக் கோஷ்டியும் சுலபமாகப் பெரும்பான்மை ஆகிவிட முடியாத பெரிய குடியரசு. அதிகாரத்தைப் பல கைகளுக்குப் பிரிக்க வேண்டும் என்பதும் அவர் வாதம்தான்.

பிரித்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊராட்சியிலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கு உண்டு. பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் ஒப்புதலும் வேண்டும். நல்ல தடுப்புதான். ஆனால் இருவரும் எதிரெதிர் அணி என்றால் குடிநீர் டேங்க் ஆபரேட்டர் சம்பளம்கூட நின்றுபோகும். கடைசியில் ஆட்சியர் ஊராட்சிகள் சட்டம் 203-ஆம் பிரிவைக் கையில் எடுத்து, அந்த ஒப்புதல் அதிகாரத்தை அதிகாரி ஒருவரிடம் கொடுப்பார். சண்டை ஊரிலேயே இருக்கும், அதிகாரம் மட்டும் மேலே போய்விடும்.

நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) சமூகத்தின் ஏற்பாட்டை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. ஒன்பது நகரக் கோயில்கள். திருமணமான தம்பதி ஒரு புள்ளி. வரி புள்ளிக் கணக்கில். கோயில், கல்யாணப் பதிவு, தர்மம் என்று எல்லை குறுகியது. யார் என்ன தொழில் செய்கிறார், யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பதில் அது தலையிடாது. அதனால் எந்தக் கட்சிக்காரரும் ஒரே பந்தியில் உட்கார முடிகிறது. ஆனால் அது ஒரே சமூகத்துக்குள் ஓடுகிற ஏற்பாடு. பல சாதி வாழும் ஊரில் அரசு ஒதுங்கினால் அந்த இடம் காலியாக இராது.

தேவகோட்டைப் பக்கம் கண்டதேவியைப் பாருங்கள். எந்தச் சாதியார் வடம் பிடிப்பது என்ற தகராறில் பல வருஷம் சிக்கியது அந்த ஊர்க் கோயில் தேர் (நடுவில் திருப்பணி, புதுத் தேர் என்று வேறு காரணங்களும்). 2006-க்குப் பின் ஓடாதது, உயர் நீதிமன்றம் தலையிட்டு, போலீஸ் காவலோடு, 2024 ஜூனில்தான் ஓடியது. அரசு குறைவாக இருந்தால் போதும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆக, சுருக்க வேண்டியது தனி ஆளின் இஷ்டத்தை. கையில் இருக்கிற கருவி கிராம சபைதான். அது கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பயனாளிப் பட்டியலை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். ஏன் ஒருவர் சேர்ந்தார், ஏன் ஒருவர் விடுபட்டார் என்று கேளுங்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானத்தை ஆபீசில் உட்கார்ந்து எழுதுவதுதான் எங்கும் நடக்கிற கோளாறு.