மலைமேல் நாயனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் நாயனம் எனப்படும் நாதசுவரம் வாசிப்பதையும் கற்பிப்பதையும் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: முகூர்த்த நாள்களில் வேலூரிலும் காட்பாடியிலும் மேளத்துக்கு ஆள் கிடைப்பதே அரிதாக இருக்கிறது. அப்படியிருக்க, தொழிலாக வாசிப்பவர்கள் மலைக்குப் போவது கட்டுப்படியாகுமா?
- வாசகர் ஒருவர், ஆற்காடு

பதில்: வாசிப்பை மட்டும் நம்பிப் போனால் கட்டுப்படியாகாது. ஒரு செட்டு என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், சுருதி, தாளம் என ஆறு பேர். அவர்களுக்கு வண்டியும் உண்டு, மலையேறி இறங்குவதில் கழியும் இரண்டு நாளும் உண்டு. மலைக் கிராமத்தில் கல்யாணம் வைக்கும் குடும்பத்தால் அவ்வளவையும் தர முடியாது என்பது அச்சாரம் வாங்கும் எங்களுக்கும் தெரியும், தாம்பூலத் தட்டை நீட்டும் அவர்களுக்கும் தெரியும். அதனால் கோடை விழா போன்ற மேடைகளுக்கு மட்டும் ஏறுவதும், வாசித்து முடித்த அன்றிரவே இறங்கிவிடுவதுமே வழக்கமாக இருந்தது. நானும் அப்படித்தான் இறங்கினேன். மறு ஆண்டு போனபோது, முந்தைய ஆண்டு மேடை ஓரத்தில் நின்று கேட்ட பையன் ஒருவன், பப்பாளித் தண்டில் துளையிட்டு, சாமி புறப்பாட்டுக்குரிய உருப்படியான, நாங்கள் வாசித்த மல்லாரியின் முதல் அடியை ஊதிக்கொண்டிருந்தான். இரண்டாம் அடி அவனுக்கு வரவில்லை. சொல்லித்தர அங்கே ஒருவரும் இல்லை.

அதன் பிறகு கணக்கை வேறு விதமாகப் போட்டேன். புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மார்கழி விடியற்காலையில் கோயிலில் வாசிப்பதைத் தம்பி ஏற்றுக்கொண்டார். அந்த இரு மாதங்களிலும் வாரத்துக்கு இரண்டு இரவு மலையில் தங்கிப் பாடம் சொன்னேன். மற்ற மாதங்களில் ஒரு முறையாவது ஏறினேன். மூன்றாம் ஆண்டில் பிள்ளைகள் தாளம் போடவும் சுருதி பிடிக்கவும் தேறிவிட்டதால், மலைக் கல்யாணத்துக்குக் கீழிருந்து நான்கு பேர் போனாலே போதும் என்றாயிற்று. பாடம் சொன்னதால்தான் வாசிப்பு கட்டுப்படியாகிறது. இது தொண்டு என்று சிலர் என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் மலைக்காரர்கள் எங்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள், அதற்குரிய வேலையை நாங்கள் செய்கிறோம்.

கேள்வி: ஏலகிரியில் நடந்த எங்கள் வீட்டு வரவேற்பில் நாதசுவரம் சுருதியோடு ஒட்டவே இல்லை. மலையில் காற்று குறைவு என்பதுதான் காரணமா?
- வாசகி ஒருவர், குடியாத்தம்

பதில்: காரணம் குளிர். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்றே மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் அது சுருதியை மாற்றுவதில்லை. காற்றின் வெப்பம் 10 டிகிரி குறையும்போது ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 6 மீட்டர் குறைகிறது. அதனால் குழலின் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கக்கூடும். மூச்சின் சூடு உள்ளே ஏற ஏற இந்தக் குறை ஓரளவு சரியாகும் என்றாலும், பல்லவிக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் வரவேற்பு வாசிப்பில் குழல் மறுபடியும் ஆறிவிடுகிறது. முன்பு சுருதிக்கு ஒத்து என்னும் குழலையே ஊதினார்கள். நாயனம் இறங்கினால் ஒத்தும் கூடவே இறங்கியதால் காதுக்கு உறுத்தவில்லை. இப்போதுள்ள மின் சுருதிப் பெட்டி குளிரிலும் வெயிலிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. உங்கள் வீட்டு வரவேற்பில் வாசித்தவர், மேடையேறுவதற்கு முன் கால் மணி நேரம் குழலைச் சூடேற்றியிருந்தாலோ, பெட்டியைச் சற்று இறக்கி வைத்திருந்தாலோ இந்தக் குறை தெரிந்திருக்காது.

தவிலின் சங்கடம் வேறு. மூடுபனியில் தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும். இன்றைய தவில்களில் வாருக்குப் பதில் இரும்புக் கம்பியும் மரையும் இருப்பதால் ஸ்பானரால் முறுக்கிவிடலாம். ஆனால் அப்படி முறுக்கிய தவிலைத் தளர்த்தாமல் வேலூர் வெயிலுக்குக் கொண்டுவந்தால் தோல் காய்ந்து இறுகி, வலந்தலை என்னும் வலப்பக்கத் தோல் கிழிந்துபோகும். இறங்குவதற்கு முன் மரையைத் தளர்த்த வேண்டும் என்பதைத்தான் தவில் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்கிறேன்.

கேள்வி: கலைஞர்கள் மலைக்குப் போவது இப்போது வந்த பழக்கமா?
- வாசகர் ஒருவர், செங்கம்

பதில்: தங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளிலும் சொல்வது, செங்கண்மாவை ஆண்ட நன்னனைத் தேடி மலைவழியே நடக்கும் கூத்தர்களுக்கு வழிகாட்டும் செய்தியைத்தான். அந்தச் செங்கண்மாவே இன்றைய செங்கம் என்பர். முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனத் தொடங்கும்போதே கருவிகளைப் புலவர் வரிசையாகச் சொல்கிறார். அவற்றைப் பைகளில் கட்டிச் சுமந்து செல்வது பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போல் இருந்தது என்கிறார். தவிலைக் குடைவது பலா மரத்தில்தான். ஒடுகத்தூருக்கு மேலே நடந்து ஏறிய காலத்தில், முன்னால் போகும் தவில்காரரின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடிகளே நினைவுக்கு வந்தன.

கேள்வி: நான் மலைக் கிராமப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். நாதசுவரம், தவில் கற்க ஏழெட்டுப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். கருவி வாங்க வசதியில்லை. எப்படித் தொடங்குவது?
- ஆசிரியர் ஒருவர், ஒடுகத்தூர்

பதில்: கருவி இல்லாமலே தொடங்குங்கள். முதல் ஆறு மாதம் நாயனப் பிள்ளைகள் தொடக்கச் சுரப் பயிற்சிகளான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் வாயால் பாடட்டும். வாயில் வராத சுரம் குழலில் வராது. தவில் பிள்ளைகள் தாள ஒலிச் சொற்களான சொற்கட்டை வாயால் சொல்லி, மரக்கட்டையில் கழியால் தட்டிச் சாதகம் செய்யட்டும். தவிலைத் தோளில் மாட்டிப் பழகியவர்களும் கட்டையில் கை தேறியவர்கள்தாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்த பின் ஒரே ஒரு குழல் வாங்கினால் போதும். பெரிய பாரி நாயனத்தின் ஏழு துளைகளையும் சிறு விரல்கள் எட்டி மூடுவது கடினம் ஆகையால் குட்டையான திமிரியே பிள்ளைகளுக்கு ஏற்றது.

உண்மையான இடைஞ்சல், குழலின் வாயில் செருகி ஊதும் சீவாளிதான். அது காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையால் செய்யப்படுவது; திருவாவடுதுறைச் சீவாளிக்கு இணை இல்லை என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்டது. கற்கிறவன் கடித்து உடைப்பதும், நனைக்காமல் ஊதிப் பிளப்பதும் இயல்பு. உடைந்தால் மாற்றுச் சீவாளி மலையில் கிடைக்காது. அடுத்த முறை ஆசிரியர் ஏறும் வரை பிள்ளை சும்மா இருக்க வேண்டியதாகிறது, ஆர்வமும் அப்போதுதான் அணைகிறது. ஆகவே பள்ளி அலமாரியில் ஒரு டப்பாவில் பத்துச் சீவாளியாவது எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாமை அறுப்பு வாரங்களில் பிள்ளைகள் கொல்லைக்குப் போய்விடுவார்கள். அப்போது வராதவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம், அவர்களுக்காகப் பாடத்தை நிறுத்தி வைக்கலாம்.

தேறியவர்களுக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. படிப்பு மூன்று ஆண்டு. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். நாதசுவரம், தவில், தேவாரப் பிரிவுகளுக்குத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். பள்ளியைப் பாதியில் விட்ட மலைப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கேள்வி: பெண் பிள்ளைகள் நாதசுவரம் வாசிக்கலாமா?
- வாசகி ஒருவர், ஆம்பூர்

பதில்: தாராளமாக. மதுரை பொன்னுத்தாயி வாசித்த நாடு இது. ஷேக் மகபூப் சுபானியும் அவர் மனைவி காலீசபியும் சேர்ந்து வாசித்து, 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீயை இருவருமே பெற்றார்கள். தங்கள் மகளை அடுத்த வாரமே அழைத்து வாருங்கள்.

கேள்வி: மலையாளிப் பழங்குடி மக்களுக்கென்று மேளமும் ஆட்டமும் இருக்கின்றனவே. கீழிருந்து போகிறவர்கள் கீர்த்தனை சொல்லிக் கொடுத்தால் அவை அழிந்துவிடாதா?
- வாசகர் ஒருவர், போளூர்

பதில்: இந்த அச்சம் நியாயமானது. மலையாளி என்ற பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிக்கொண்டு மலையேறிய கலைஞர்களையே நான் அறிவேன். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் அவர்கள் என்பதே தெரியாதவர் அவர்களுக்கு இசை சொல்லித்தரப் போவது எவ்வளவு பெரிய பிழை! நானும் ஒரு பிழை செய்திருக்கிறேன். மலைத் திருவிழா ஒன்றில் முதியவர் ஒருவர் மேளம் வாசித்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி நீள்வதைக் கேட்டு, தாளம் தப்புகிறது என்று மாணவர்கள் முன்னிலையிலேயே சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. மறுநாள் இரவு ஆட்டத்தை அருகிலிருந்து பார்த்தபோதுதான், வட்டமாக ஆடுகிறவர்கள் உடலைத் திருப்பும் இடத்தில் அந்த அடி நீள்கிறது என்பது புரிந்தது. அவர் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து வாசித்தார், நான் என் விரலை எண்ணிக்கொண்டிருந்தேன். அதே மாணவர்கள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது எங்கள் பாடம் அவரிடம் தொடங்குகிறது. பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் அவருடைய மேளத்துக்கு ஆடுகிறார்கள். ஆடி முடித்து மூச்சு வாங்கிய பிறகே என் முன்னால் உட்கார்ந்து சரளி வரிசை பாடுகிறார்கள். அவருக்குரிய கூலியை நாங்கள் வாங்கும் கல்யாணப் பணத்திலிருந்து முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் பங்கைப் பிரிக்கிறோம்.