"கதை கேக்கிறதெல்லாம் ரிசேர்ச்சோ?" – ஒரு நேர்ஸ் தங்கச்சியின்ர கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் யாழ்ப்பாணத்தில நேர்ஸா வேலை செய்யிறன், இப்ப நியூரோ வாட். வேலையோட சேத்து டிகிரியும் படிக்கிறன், கடைசி வருசம் ஒரு ரிசேர்ச் செய்யவேணும். பாரிசவாதம் (ஸ்ட்ரோக்), பாக்கின்சன்ஸ் (நடுக்குவாதம்) எண்டு வாற ஆக்கள் வாட்டில என்ன பாடு படுகினம் எண்டு அவையிட்டயே கேட்டு எழுதலாம் எண்டு நினைச்சன். ஆனா மூத்த மிஸ்ஸி ஒராள் "கதை கேக்கிறதெல்லாம் ரிசேர்ச்சோ, நம்பர் வாற மாதிரி ஏதும் எடு" எண்டு சொல்லிப்போட்டா. பேச்சே வராத ஆளிட்ட என்னெண்டு கேக்கிறது எண்டும் தெரியேல்லை. இன்னொண்டு, வாட்டை விட்டிட்டு லெக்சரரா போறவை கஷ்டத்துக்குப் பயந்து ஓடுற ஆக்கள் எண்டு இஞ்ச ஒரு கதை இருக்கு. நீங்களும் அப்பிடிப் போனனீங்கள்தானே, கேக்கிறதுக்கு கோவிக்காதேங்கோ.

– ஒரு வாசகி

தங்கச்சி,

கோவம் ஒண்டும் இல்லை. அந்தக் கடைசிக் கேள்வியை முதல் முடிச்சிடுவம். நைட் டியூட்டி செய்து நாரி நொந்தது உண்மை, படிப்பிக்கப் போனா நாரி நோகாது எண்டதும் உண்மை, அதை மறைக்க ஏலாது. ஆனா இப்பவும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கட்டிலடியிலதான் நிக்கிறன். போதும், விடுவம்.

நம்பர் கதைக்கு வாறன். எங்கட வாட்டில தினம் எழுதுற நம்பர் எது? ஜிசிஎஸ், ஆளுக்கு நினைவு எவ்வளவு தெளிவா இருக்கு எண்டு அளக்கிற கிளாஸ்கோ கோமா ஸ்கேல். 1974ல கிளாஸ்கோவில டீஸ்டேலும் ஜெனட்டும் கொண்டுவந்தது, கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆகக் குறைஞ்சது 3, ஆகக் கூட 15. அருமையான சாமான், தலையில அடிபட்ட ஆள் மோசமாகிறாரோ எண்டு பிடிக்க அதை மாதிரி சுகமான வழி இல்லை, நான் அதுக்கு எதிரி இல்லை. ஆனா இடதுபக்க மூளையில ஸ்ட்ரோக் வந்து பேச்சு போன ஒரு ஐயாவை யோசியுங்கோ. கண் முழிச்சுப் பாக்கிறார், கையைத் தூக்கச் சொன்னா நல்ல பக்கத்துக் கையைத் தூக்குறார், வாயில சத்தம் மட்டும்தான் வருது. கண்ணுக்கு 4, அசைவுக்கு 6, பேச்சுக்கு 2, கூட்டினா 12. சார்ட்டில 12 எண்டு பாத்திட்டு வாற ஆள், இவர் அரை மயக்கத்தில கிடக்கிறார் எண்டு நினைச்சு, அவருக்கு முன்னாலயே "இனி இவர் எழும்பமாட்டார்" எண்டு சொந்தக்காரருக்குச் சொல்லிப்போட்டுப் போகும். அவர் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். அதுதான் மூண்டையும் கூட்டாமல் தனித்தனியா எழுதுங்கோ எண்டு அந்த ஸ்கேலைச் செய்த ஆக்களே சொல்லுறவை. சரி, பக்கத்தில இருந்து கதைச்சதைக் கேக்க அவருக்கு எப்பிடி இருந்தது எண்டது எந்த நம்பரில வரும்? அவரைக் கேட்டாத்தான் வரும்.

இதை இரக்கம், மனிசத்தன்மை எண்டு ஒரு மூலைக்குள்ள தள்ளிவிடுறதுதான் எனக்கு எரிச்சல். நோயாளி சொல்லுறது கிளினிக்கல் தகவல், அவ்வளவுதான். பாக்கின்சன்ஸ் ஆக்களைப் பாருங்கோ. அவையின்ர முக்கிய மருந்து லீவோடோப்பா, அது ரத்தத்தில கனநேரம் நிக்காது, ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ளயே பாதியாகிடும், அதால வருத்தம் முத்தின ஆக்களுக்கு ஒவ்வொராளுக்கும் ஒவ்வொரு நேரக்கணக்கு. வீட்டில அந்த அம்மா மணிக்கூட்டைப் பாத்து பதினொண்டரைக்கு ஒண்டு, மூண்டு மணிக்கு ஒண்டு எண்டு போட்டு நடந்து திரிஞ்சவ, வாட்டுக்கு வந்த உடன எங்கட மருந்து ரவுண்ட் நேரத்துக்கு மாறவேண்டி வருது. குளிசை பிந்தினா உடம்பு இறுகும், இறுகினா விழுங்க ஏலாது, விழுங்க ஏலாட்டி அடுத்த குளிசையும் போகாது, சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போய் நிமோனியாவும் வரலாம். அவ "பிள்ளை, என்ர நேரம் போகுது" எண்டு கூப்பிட, நாங்கள் "பொறுங்கோ அம்மா, ரவுண்ட் வரும்" எண்டுவம். பிரிட்டன்ல இதே முறைப்பாட்டை நோயாளியளே சொல்லிச் சொல்லி, 2006ல இருந்து பாக்கின்சன்ஸ் யூகே அமைப்பு மருந்தை நேரத்துக்குக் குடுங்கோ எண்டு ஒரு பெரிய பிரச்சாரமே நடத்துது, குறிச்ச நேரத்தில இருந்து அரை மணித்தியாலத்துக்குள்ள குடுக்கவேணும் எண்டு. உங்கட மூத்த மிஸ்ஸிக்கு இதைச் சொல்லிப் பாருங்கோ, நம்பரும் இருக்கு கதையும் இருக்கு.

ஆனா எங்கட ஊரில கேக்கிறது லேசில்லை. "வாட்டில உங்களுக்குத் திருப்தியா?" எண்டு கேட்டா நூற்றுக்கு நூறு பேரும் "ஒரு குறையும் இல்லை மிஸ்ஸி, தெய்வம் மாதிரிப் பாத்தியள்" எண்டுதான் சொல்லுவினம். காசில்லாமல் பாத்தவை, நாளைக்கும் கிளினிக்குக்கு வரவேணும், வேற என்ன சொல்லுறது? 1986ல ஹார்வி பிக்கரும் மனைவி ஜீனும் அமெரிக்காவில தொடங்கின, நோயாளியளின்ர அனுபவத்தைக் கேட்டறியிற நிறுவனம் இந்த விசயத்தில ஒரு நல்ல வேலை செய்தது, சந்தோசமா எண்டு கேக்காமல் என்ன நடந்தது எண்டு கேக்கிறது. இந்தக் குளிசை ஏன் எண்டு ஆரும் சொன்னவையோ? இரவில ஒண்டுக்குப் போகவேணும் எண்டு கூப்பிட்டா எவ்வளவு நேரத்தால வந்தவை? இதுக்கு ஆரையும் குறை சொல்லாமலே உண்மையைச் சொல்லலாம். யூனிபோமோட போகாதேங்கோ. உங்கட சொந்த வாட் நோயாளியளை எடுக்காதேங்கோ, ஏலுமெண்டா வீட்டுக்குப் போனாப் பிறகு அங்க போய்க் கேளுங்கோ.

வீட்டில வேற கூத்து. முற்றத்தில கதிரை போடுவினம், தேத்தண்ணி வரும், பக்கத்து வீட்டு மாமியும் வருவா, நீங்கள் ஐயாவைப் பாத்துக் கேக்க மனிசி பதில் சொல்லும், மனிசியை முந்திக்கொண்டு ரொறொன்ரோவில இருக்கிற மகன் வட்ஸ்அப்பில பதில் சொல்லுவார். சண்டை பிடிக்காதேங்கோ. முதல் வீட்டுக்காரரிட்ட தனியா, வடிவா, அவையள் களைக்கும் வரைக்கும் கேளுங்கோ, பராமரிக்கிறவையின்ர அனுபவமும் ஒரு டேட்டாதான். பிறகு அவையே எழும்பிப் போவினம், நீங்கள் ஐயாவோட இருக்கலாம்.

பேச்சு வராத ஆக்களுக்கு: 1861ல பிரெஞ்சு டொக்டர் போல் ப்ரோக்கா எழுதின அந்தப் பேர்போன நோயாளியைப் படிச்சிருப்பியள், "டான்" எண்ட ஒரு சத்தம் மட்டும்தான் வாயில வரும், அதாலயே ஆஸ்பத்திரியில அவருக்கு டான் எண்டே பேர். இருபது வருசத்துக்கு மேல அங்க இருந்தவர், ப்ரோக்கா அவரைப் பாத்தது சாகிறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முதல்தான். கையால காட்டினது மற்றவைக்கு விளங்காட்டி கோவம் வந்து, அப்ப மட்டும் ஒரு வசைச்சொல் வாயில வருமாம். அவற்ற மூளை பாரிஸில இப்பவும் இருக்கு, அந்த இருபது வருசம் எப்பிடிப் போனது எண்டு அவரிட்ட கேட்டதா ஒண்டும் இல்லை. இண்டைக்கும் கன ஆய்வில அஃபேசியா, அதாவது மூளை பாதிச்சுப் பேச்சுப் போன நிலை, உள்ளவையைச் சேக்கிறதில்லை, பேட்டி எடுக்க ஏலாதாம். எடுக்கலாம். ஒரு நேரத்தில ஒரு கேள்வி, ஓம் இல்லை எண்டு சொல்லுற மாதிரி. ஓம் எண்டு தலையாட்டினா அதே கேள்வியை மறுவளமாயும் கேளுங்கோ, சில பேர் இல்லை எண்டு நினைச்சு ஓம் எண்டு ஆட்டுவினம். படம், பேனை, கடதாசி கொண்டு போங்கோ. வசனத்தை நீங்கள் முடிச்சுக் குடுக்கவேண்டாம், கஷ்டமா இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. களைச்சா நிப்பாட்டி இன்னொரு நாள் போங்கோ, இதையெல்லாம் ஆய்வுக்கு அனுமதி கேக்கிற எதிக்ஸ் போமிலயே எழுதிவிடுங்கோ.

அலசுறதுக்கு பிரவுனும் கிளார்க்கும் 2006ல எழுதின தீமற்றிக் அனலிசிஸ் (ஆக்கள் சொன்னதில திரும்பத் திரும்ப வாற கருத்துகளைப் பிரிச்செடுக்கிற முறை) டிகிரிக்குத் தாராளமாக் காணும். தமிழில கதைச்சதை தமிழிலயே வைச்சு கோட் பண்ணுங்கோ (துண்டு துண்டாப் பிரிச்சு ஒவ்வொண்டுக்கும் ஒரு தலைப்புப் போடுறது), இங்கிலீசு கடைசியில வரட்டும். மானிப்பாயில டொக்டர் கிறீன் 19ம் நூற்றாண்டிலயே மருத்துவத்தைத் தமிழில படிப்பிச்சவர், எங்களுக்கு என்ன வெக்கம்.

ஒண்டே ஒண்டு மட்டும் கவனம். பேரை மாத்தினாக் காணும் எண்டு புத்தகத்தில இருக்கும், யாழ்ப்பாணத்துக்கு அது காணாது. "சுன்னாகத்தில ஸ்ட்ரோக் வந்த ரிட்டயர் பண்ணின தபால் அதிபர், மூண்டு பிள்ளையளும் கனடா" எண்டு எழுதினா பேரே தேவையில்லை, பஸ்ஸில வாற ஆள் கூட ஆரெண்டு சொல்லிப்போடும். ஊர், வேலை, பிள்ளையள் இருக்கிற நாடு, மூண்டையும் ஒண்டா எழுதாதேங்கோ.