பார்க்கின்சன் கேள்விகள்: முயலுக்குப் போட்ட ஊசியும் அப்பாவோட மாத்திரையும்

டாக்டர், டோபமைன்னா போன் நோண்டுனா வர்ற குஷின்னு தானே சொல்றாங்க, அதுக்கும் பார்க்கின்சனுக்கும் என்ன சம்பந்தம்?

குஷி மட்டும் இல்லைங்க, மூளை செல்லுங்க சேதி சொல்லிக்கற ரசாயனம் அது, கை கால் நாம நெனச்ச மாதிரி அசையறதுக்கே அது வேணும். அது குறைஞ்சு போய் வர்ற நடுக்கமும் மந்தமும் தான் பார்க்கின்சன். ஆனா 1957 வரைக்கும் டோபமைனுக்குத் தனியா ஒரு வேலை இருக்குன்னே பெரும்பாலும் யாரும் நெனைக்கல, நார்அட்ரினலின்ங்கற இன்னொரு நரம்பு ரசாயனம் தயாராகும்போது நடுவுல வர்ற சரக்கு, அவ்ளோதான்னு விட்டுட்டாங்க. ஸ்வீடன்ல லுண்ட் யுனிவர்சிட்டில இருந்த அர்விட் கார்ல்சன் முயலுக்கு ரெசர்பைன் ஊசி போட்டாரு (நம்ம சர்ப்பகந்தா வேர்ல இருந்து எடுக்கறது தான், அப்போ பிபிக்கும் மனநோய்க்கும் குடுத்துட்டு இருந்தாங்க), முயல் காதைத் தொங்கப் போட்டுட்டு அப்படியே கெடந்துச்சு. செரடோனின் (அதுவும் ஒரு மூளை ரசாயனம்) ஆகக்கூடிய பொருளைக் குடுத்துப் பாத்தாரு, ஒண்ணும் ஆகல. எல்-டோபா (உடம்புல மொதல்ல டோபமைனாவும் அப்புறம் நார்அட்ரினலினாவும் மாறுற பொருள்) ஊசி போட்டாரு, கொஞ்ச நேரத்துல முயல் எழுந்து நடமாட ஆரம்பிச்சுடுச்சு! சரி நார்அட்ரினலின் ஏறிடுச்சு போலன்னு மூளையை எடுத்து அளந்தா, அது ஏறவே இல்ல. அப்போ முயலை எழுப்பினது எது? மறு வருஷமே டோபமைனை அளக்கறதுக்குன்னே ஒரு முறையை உண்டாக்கி, அது மூளையில தானாவே இருக்குன்னு காட்டினாரு. அசைவைக் கட்டுப்படுத்துற ஸ்ட்ரையேட்டம்ங்கற பகுதியில தான் அது குவிஞ்சு கெடக்குன்னு அவரு லேப் பசங்களே அடுத்து கண்டுபுடிச்சாங்க.

1960ல லண்டன்ல ஒரு கூட்டத்துல இதைச் சொன்னப்போ பெரிய தலைங்க யாரும் நம்பல. அதே வருஷம் வியன்னால ஹார்னிகிவிட்ஸ் டீம், பார்க்கின்சன்ல இறந்தவங்க மூளையில அதே இடத்துல டோபமைன் படு குறைவா இருக்குன்னு காட்டிட்டாங்க. கார்ல்சனுக்கு நோபல் வந்தது 2000ல தான், அதுவும் வேற ரெண்டு பேரோட பங்கு போட்டு. எனக்குக் கேட்டா ரொம்ப லேட்.

அப்போ நேரா டோபமைன் மாத்திரையே குடுத்துடலாமே?

ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள அது நுழையாது. எல்-டோபா நுழையும், உள்ள போய் டோபமைனா மாறும். ஆனா வயித்துலயும் ரத்தத்துலயுமே பாதிக்கு மேல மாறிடும்ங்கறதால தான் அதைத் தடுக்க கார்பிடோபாவையும் சேத்து ஒரே மாத்திரையா தர்றாங்க, வாந்தியும் குறையும். இன்னொண்ணு, புரோட்டீன் இருக்குற சாப்பாடு இதோட உள்ள போக போட்டி போடும். அதனால பருப்பு, முட்டை, கறின்னு சாப்பிட்ட கையோட மாத்திரை போட்டுட்டு வேலையே செய்யலன்னு சொல்லாதீங்க, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போட்டுப் பாருங்க, அப்போ குமட்டுச்சுன்னா ரெண்டு பிஸ்கட்டோட.

நோய் குணமாயிடுமா?

ஆகாது. டோபமைன் தயாரிக்கிற செல்லுங்க செத்துட்டே தான் இருக்கும், மாத்திரை குறையை நிரப்பும், அவ்ளோதான். வருஷம் போகப் போக அடுத்த மாத்திரைக்கு முன்னாடியே மருந்தோட வேகம் எறங்கும், சிலருக்கு உடம்பு தன்னால நெளியும். அப்போ டோஸையும் நேரத்தையும் டாக்டர் தான் மாத்தணும், நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்துனா ஆபத்து.

அப்பாவுக்கு தலைசுத்தலுக்கு ஒரு மாத்திரை மாசக்கணக்கா போகுது, இப்போ நடை மெதுவாயிடுச்சு, கையும் நடுங்குது. பார்க்கின்சன் தானா?

மாத்திரை அட்டையைப் பாருங்க. சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குத் தர்ற மெட்டோகுளோப்ரமைட், மனநோய்க்குத் தர்ற சில மருந்துங்க, இதெல்லாம் டோபமைன் வேலையைத் தடுத்து பார்க்கின்சன் மாதிரியே காட்டும், வயசானவங்களுக்கு ரொம்ப சுலபமா. ரெசர்பைன் போட்ட முயல் கதை கிட்டத்தட்ட இது தான். நிறுத்தினா பலருக்கு சரியாயிடும், மாசக்கணக்குல ஆகலாம். இந்த வாரமே மருந்துச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு நியூராலஜிஸ்ட்டைப் பாருங்க.

அல்சைமருக்கும் இதே மருந்து தானா?

இல்ல. அந்த மறதி நோய்ல முக்கியமா குறையறது அசிட்டைல்கோலின்ங்கற வேற மூளை ரசாயனம், டொனெபிசில் மாதிரி மருந்து தருவாங்க. அதுவும் குணப்படுத்தாது.

பூனைக்காலி பொடி சாப்பிட்டா போதும்னு சொந்தக்காரர் சொல்றாரு...

அவரு சொல்றதுல பாதி சரி. அந்த விதையில நெஜமாவே எல்-டோபா இருக்கு, தாமோதரனும் ராமசாமியும் 1937லயே பிரிச்செடுத்து எழுதியிருக்காங்க, கார்ல்சன் முயலுக்கு இருபது வருஷம் முன்னாடி. அதனால தான் பயம். ஒரு ஸ்பூன்ல எவ்ளோ இருக்குன்னு பாக்கெட்டுக்கு பாக்கெட் மாறும், ஏற்கனவே மாத்திரை போடறவங்க இதையும் சேத்தா டோஸ் எகிறிடும், பிபி எறங்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். சாப்பிடறதா இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.