பாயைத் தட்டினால் மானம் போய்விடுமா?

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்றரை வருஷமாக ஜூடோ கற்கிறேன். போன மாதம் ஒரு போட்டியில் எதிராளி என் கையைப் பூட்டினான். தோல்வியை ஒப்புக்கொள்கிற அடையாளமாகப் பாயைத் தட்டித் தோற்றேன். தட்டியதும் அவன் விட்டுவிட்டான், கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து என்னோடு டி.வி.யில் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தம் பார்த்து வளர்ந்த மச்சான், "பின் ஆகி, அதாவது தோள் தரையில் அழுந்தித் தோற்றிருந்தாலும் பரவாயில்லை. நிஜமான வீரன் மயங்குவானே தவிர தட்டமாட்டான்" என்கிறார். மூன்று வாரமாகப் பயிற்சிக்குப் போகவில்லை. தட்டித் தோற்கிற வீரன் பலவீனமானவனா? இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்க வேண்டுமா?

பதில்: தம்பி, "தட்டியதும் அவன் விட்டுவிட்டான், கைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு உன் கடிதத்திலேயே பெரிய வரி அதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மச்சான் சொன்னதைப் பார்ப்போம். அவர் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை.

அந்தப் பேச்சு 1997 மார்ச்சில் சிகாகோ பக்கம் நடந்த ரெஸில்மேனியா 13 என்ற மல்யுத்த நிகழ்ச்சியில் வேர் விட்டது என்று நினைக்கிறேன். பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினின் கால்களைப் பின்னி ஷார்ப்ஷூட்டர் என்ற பிடியைப் போட்டுவிட்டார். ஆஸ்டினின் நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் பல் இடுக்கு வரை இறங்கியிருந்தது. கத்தினார், ஆனால் தட்டவில்லை. அப்படியே மயங்கினார். நடுவராக நின்ற கென் ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்தினார். அதுவரை ஆஸ்டினை வில்லனாக வைத்திருந்த கூட்டம், அவர் யாரையும் தொடவிடாமல் நொண்டிக்கொண்டே உள்ளே போனபோது அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் யார் ஜெயிப்பது என்பதை முன்பே பேசி வைத்து ஆடிய ஆட்டம் அது. ஆஸ்டினைப் பெரிய ஆளாக்க நினைத்தார்கள், அதனால் அவரைத் தட்டாமல் தோற்க வைத்தார்கள். அந்தக் கதையைக் கொண்டுவந்து உன் முழங்கையில் வைத்துப் பார்ப்பது சரியில்லை.

அந்தக் கதை உலகத்திலேயே தட்டியவர்கள் எல்லாரும் சிறுத்துப் போய்விடவில்லை. நம் நாட்டு மல்யுத்த வீரர் கிரேட் காளியையே எடுத்துக்கொள். 2007 மே மாதம் ஜான் சீனாவின் பிடியில் தட்டித் தோற்றார். கயிற்றை எட்டிவிட்டால் பிடியை விட வேண்டும்; அவர் கால் கயிற்றுக்கு அடியில் இருந்ததை நடுவர் கவனிக்கவில்லை என்று ஒரு சாக்கும் வைத்திருந்தார்கள். ஜூலையில் அதே காளி உலகச் சாம்பியன். தட்டுவதே ஒருவரைப் பலவீனமாகக் காட்டிவிடாது, எப்படித் தட்ட வைக்கிறார்கள் என்பதுதான் காட்டும். பிடி விழுந்த பத்தாவது வினாடியில், போராடாமல், வாராவாரம் தட்டுகிறவர் பார்வையாளர் மனசில் செத்துப்போவார். அதில் மச்சான் சொல்வது சரி. ஆனால் ஒருவர் ஒரு நிமிஷம் தரையில் ஊர்ந்து, கயிறு விரலுக்கு எட்டப்போகிற நேரத்தில் நடு வளையத்துக்கு இழுக்கப்பட்டு, அப்புறம் தட்டினால் இரண்டு பேருக்குமே மரியாதை கூடும்.

இப்போது நிஜச் சண்டைக்கு வருவோம். பிராக் லெஸ்னரை உன் மச்சான் கோழை என்பாரா? 2003-ல் சம்மர்ஸ்லாம் என்ற டபிள்யூ.டபிள்யூ.இ. நிகழ்ச்சியில் கர்ட் ஆங்கிள் அவருடைய கணுக்காலை முறுக்கியபோது தட்டினார். அது எழுதி வைத்த ஆட்டம், அடுத்த மாதமே பட்டத்தைத் திரும்ப வாங்கினார், அதை விடு. 2008 பிப்ரவரியில், முடிவை எழுதி வைக்காமல் நிஜமாகவே மோதுகிற யு.எஃப்.சி.யில் அவருக்கு முதல் சண்டை. எதிரே ஃபிராங்க் மிர். லெஸ்னர் அவரைக் கீழே தள்ளிக் குத்திக்கொண்டிருந்தார். ஒரு சின்ன இடைவெளியில் மிர் அவர் காலைப் பிடித்து முட்டியைப் பூட்டிவிட்டார். 90 வினாடியில் லெஸ்னர் தட்டினார். உலகமே பார்த்தது. அந்த முட்டி உடையவில்லை. அதே காலோடு நவம்பரில் ராண்டி கூட்டூரை வென்று ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 2009 ஜூலையில் மிர்ரையும் அடித்து வீழ்த்தினார். பிப்ரவரியில் வீம்புக்குத் தாங்கியிருந்தால் நவம்பரில் அவர் எங்கே இருந்திருப்பார்?

இன்னொன்றையும் சொல்கிறேன். பல வருஷம் முன்பு பாலக்காட்டுப் பக்கம் ஒரு பயிற்சிக் கூடத்துக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். உன் வயசுப் பையன் ஒருவன், உனக்கு விழுந்த அதே மாதிரிப் பூட்டு. கை முழுக்க நீண்டு, கட்டை விரல் மேலே பார்த்திருந்தது. பூட்டியவன் இடுப்பை மெதுவாகத்தான் தூக்கினான். "தட்டுடா, தட்டுடா" என்று அவனே கெஞ்சினான். சுற்றி நின்ற நண்பர்கள் "தாங்கு" என்றார்கள். அவன் அவர்கள் பேச்சைக் கேட்டான். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பூட்டியவன்தான் முதலில் அழுதான். ரொம்ப மாதத்துக்கு அந்தப் பையன் டீ டம்ளரை இடது கையால்தான் பிடித்தான். பாய்க்கு அவன் திரும்பவே இல்லை. "தாங்கு" என்று சொன்னவர்களில் ஒருவர்கூட அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஜூடோவில் மூட்டுப் பூட்டு முழங்கைக்கு மட்டும்தான். கை முழுசாக நீண்டதற்கும் தசைநார் கிழிவதற்கும் நடுவில் இருக்கிற நேரம் ரொம்பக் குறைவு. அதைச் சரியாகக் கணித்துத் தட்டியிருக்கிறாய். அவனும் உடனே விட்டான். நீங்கள் இரண்டு பேரும் நன்றாகக் கற்றிருக்கிறீர்கள்.

தாங்கியிருக்க வேண்டுமா என்று கேட்டாய். கை நீண்ட பிறகு தாங்குவதில் ஒன்றுமே இல்லை. அதற்கு முன்னால்தான் வேலை. தெற்கே அடிமுறை என்ற தற்காப்புக் கலையின் ஆசான்கள் பூட்டையும் பிரிவையும் சேர்த்தே சொல்லித் தருவார்கள், பூட்டு இருந்தால் அதை அவிழ்க்கவும் ஒரு வழி இருக்கும் என்று. கை மாட்டியதுமே இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொள். அவன் பிரிக்கப் பார்க்கும்போது அவன் பக்கம் திரும்பி, முட்டி போட்டு எழுந்து, உன் எடையை அவன் மேல் சாய். கூடத்தில் கூட்டாளி ஒருவனை அதே பூட்டை மெதுவாக ஐம்பது தடவை போடச் சொல்லிப் பழகு.

வருகிற சனிக்கிழமையே போ. மச்சானையும் கூட்டிக்கொண்டு போ. உன் பயிற்சியாளர் சம்மதித்தால், அவர் பக்கத்தில் நிற்க, மச்சான் கையில் அந்தப் பூட்டை மெதுவாகப் போட்டுக் காட்டு. அவரும் தட்டுவார். தட்டிய உடனே விட்டுவிடு.